பழையதைத் தொடும் முன்: எங்கள் ஊர் மரபுக் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, காவிரித் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கேயும் சுற்றுக் கிராமங்களிலும் பழைய கோயில், குளம், சத்திரம், வீடு, கல்வெட்டு, சுவடி என்று எது கண்ணில் பட்டாலும் பதிவு செய்து, அது அழியாமல் இருக்க எங்களால் ஆனதைச் செய்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், ஒரு கொத்தனார், ஒரு குருக்கள், மருந்துக்கடைக்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், அப்புறம் நான். இதுதான் குழு. டீக்கடையிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இது அரசு அமைப்பா? உங்களுக்கு என்ன அதிகாரம்?

அரசு அமைப்பு இல்லை. அதிகாரமும் கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் மரபுக் காப்பு வாரியம் என்றே ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள பழைய வீட்டின் முகப்பை மாற்ற நினைக்கிறவர் வரைபடத்தோடு போய் அந்த வாரியத்திடம் அனுமதி வாங்கவேண்டும். நம்மிடம் ஊராட்சி, பேரூராட்சி அளவில் அப்படி ஒன்றும் இல்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012இல் சட்டம் இயற்றினார்கள், ஆனால் அது மாநில அளவில் இயங்குவதற்கானது.

ஊரில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பதிவு செய்து வைப்போம். வேலை தொடங்குமுன் போய்ப் பேசுவோம். பேச்சு எடுபடாவிட்டால் உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவோம். கடிதம்தானே என்று நினைக்கவேண்டாம். 2015 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளிதழில், நம் பழஞ்சின்னங்கள் சத்தமில்லாமல் மண்ணோடு போகின்றன என்று வாசகர் கடிதம் ஒன்று வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 2021 ஜூனில் அந்த வழக்கில் வந்த தீர்ப்பு, கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி அரசுக்கு 75 கட்டளைகளை இட்டது. தொடக்கம் அந்த ஒரு கடிதம்தான்.

கோயில் நிர்வாகத்தில் இல்லாத வெளியாள் இதிலெல்லாம் தலையிடலாமா?

அறங்காவலர்கள் எங்களிடம் நேராகவே கேட்ட கேள்வி இது. அவர்கள் கோயில் சுவரிலேயே பதில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசி வரியைப் படியுங்கள்: "இது பன்மாகேஸ்வர ரக்ஷை." சிவனடியார்கள் எல்லாருமே இந்த அறத்துக்குக் காவல் என்று பொருள். இன்னும் சிலவற்றில், இந்தத் தர்மத்தைக் காத்தவனுடைய ஸ்ரீபாதம் என் தலைமேல் என்று கொடையாளி சொல்லி முடிப்பார். கொடுத்தவர் தனக்குப் பின்னால் யார் யாரோ வருவார்கள் என்று தெரிந்தே, முன்பின் தெரியாத அவர்கள் காலைத் தன் தலையில் தாங்குகிறேன் என்கிறார். இதைப் படித்த பிறகு என்னால் 'நமக்கென்ன' என்று நடந்துபோக முடியவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். மாநிலத் தொல்லியல் துறை என்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டம். பலகை எதுவும் இல்லை, செயல் அலுவலரோ தக்காரோ (அறங்காவலர் இடத்தில் துறை நியமிப்பவர்) இருக்கிறார் என்றால் அனேகமாக இந்து சமய அறநிலையத் துறை. அதற்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம். ஆதீனக் கோயில்களும் தனியார் கோயில்களும் வேறு. ஒரே கோயிலில் இரண்டு கைகள் இருப்பதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையுடையது, பூசை காரியங்கள் அரண்மனை தேவஸ்தானத்துடையவை.

டெல்டாவில் பழைய கோயில்களில் மிகப் பெரும்பாலானவை தொல்லியல் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. ஆயிரம் வருடக் கோயிலென்றால் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நினைப்பிலேயே பல சுவர்கள் போய்விட்டன.

பாதுகாக்கப்பட்ட கோயிலுக்குப் பக்கத்தில் என் மனை இருக்கிறது. வீடே கட்டக்கூடாதா?

மத்தியத் தொல்லியல் துறைச் சின்னம் என்றால், 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்டலாம். கவனிக்கவேண்டியது, அளவு தொடங்குவது கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லைக் கோட்டிலிருந்து. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்க 100 மீட்டருக்குள்ளேயும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஓட்டை மாற்றவே முடியாது என்று பயந்துபோய் வீட்டை ஒழுகவிட்டவர்களை எனக்குத் தெரியும். பயப்படவேண்டாம், விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம்.

அடுத்த வருடம் எங்கள் கோயிலுக்குக் குடமுழுக்கு. என்ன கவனிக்கவேண்டும்?

இந்தக் கேள்வி எங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் திருப்பணி கோயிலுக்குப் புத்துயிர் தருவது. அதே திருப்பணியில்தான் கல்வெட்டும் சுதையும் ஓவியமும் அதிகம் போவதும்.

பாலாலயம் செய்வதற்கு, அதாவது வேலைக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவதற்கு, முன்பே கோயில் முழுவதையும் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுவரையும், தரையையும், தூணையும், விமானத்தின் ஒவ்வொரு தளத்தையும் எடுக்கவேண்டும். அலங்காரம் இல்லாமல், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது எடுக்கவேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. அங்கே ஸ்ரீவிமானத்தை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கோயில் எழுந்த பிறகு, ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். நடுவே ஏறத்தாழ 13 வருடம் போயிருக்கிறது, அரசனும் மாறியிருக்கிறான். புத்தகம் பத்திரமாக இருந்திருக்கிறது!

எங்கள் பக்கத்திலேயே இருக்கும் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் என்ற சோழ அரசி கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுப்பித்தபோதும் இதே கதைதான். பழைய கற்களில் இருந்த எழுத்தைப் புதிய சுவரில் வெட்டிவிட்டு, "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள். தாங்கள் எழுதியது எது, முன்னோர் எழுதியது எது என்று பிரித்துக் காட்டும் நேர்மை அது. போனில் கேமரா வைத்திருக்கும் நாம் அந்த அளவுக்காவது செய்யவேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் முதல் கோரிக்கை. கடைசிக் கோரிக்கையும் அதுதான்.

அறநிலையத் துறைக் கோயிலென்றால் மண்டல அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வேலை நடக்கவேண்டும். என்னென்ன வேலைக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள். உபயதாரர் ஆசைப்பட்டார் என்று நடுவில் சேரும் வேலைகள்தான் ஆபத்து. கருங்கல் சுவரை மணல் வீச்சால் சுத்தம் செய்ய யாராவது சொன்னால் உடனே தடுங்கள். அந்த முறைக்கு அறநிலையத் துறையே தடை போட்டிருக்கிறது. அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். சிற்பத்தின் கண்ணும் நகமும் கரைந்துவிடும். சுவரில் எனாமல் பெயின்ட் வேண்டாம். பழைய கல்தளத்தின் மேல் கிரானைட்டும் டைல்ஸும் வேண்டாம். தளத்தை ஏற்ற ஏற்ற அதிஷ்டானம் (சுவருக்குக் கீழே உள்ள அடிப்பீடம்) உள்ளே போகும், மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கருவறைப் பக்கம் திரும்பும்.

மண்டபத்தில் பழைய வெள்ளையைச் சுரண்டும்போது அடியில் நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் வெளியே தெரிந்தது. அதுவரை எத்தனையோ தலைமுறை அந்த இருட்டுப் பிராகாரத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

விமானத்தில் முளைத்த அரசங்கன்றைக் கையால் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே கல்லைக் கவ்வியிருக்கும், இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். மேலே வெட்டிவிட்டு, வேருக்கு மருந்து வைத்து, அது செத்த பிறகு இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். விவரம் தெரிந்த ஸ்தபதிதான் இதைச் செய்யவேண்டும்.

கல்வெட்டைப் படிக்க எழுத்தில் மாவு தேய்க்கலாமா? சாக்பீஸ்?

வேண்டாம். மாவு எறும்பைக் கூட்டிவரும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சாக்பீஸ் எழுத்தின் குழிவில் தங்கிவிடும். எண்ணெய் தடவினால் தூசி படிந்து கல் கறுத்துப்போகும். வெளிச்சமே போதும். காலை எட்டு மணிக்கோ மாலை நாலரைக்கோ சூரியன் சுவரைப் பக்கவாட்டில் தொடும்போது போய் நில்லுங்கள். நேரில் ஒன்றுமே தெரியாத சுவரில் எழுத்து தானாக எழும்பி வரும். நிழலான இடமென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டி, ஓரத்திலிருந்து அடியுங்கள்.

ஒரு தடவை மடப்பள்ளிக்குப் பின்பக்கச் சுவரில் இப்படி டார்ச் அடித்தோம். புகை ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்த கல். தண்ணீர் தெளித்து, தேங்காய்நார்ப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்ததும் ஒரு கல்லூரிப் பெண் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். அந்தக் கால எழுத்தில் புள்ளி வைப்பது அரிது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். அதனால் தடுமாறித் தடுமாறி "சாவா மூவாப் பேராடு" என்று படித்தாள். சாகாத, மூப்படையாத ஆடு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய நெய் வேண்டும். அதற்கு ஒருவர் ஆட்டு மந்தையைக் கொடுத்திருக்கிறார். கிழடு தட்டினால், செத்தால், குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். அதனால்தான் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. "சந்திராதித்தவற்" என்று அடுத்த வரி. சந்திர சூரியர் உள்ளவரை. அந்தப் பெண் வாய்விட்டு அழுதுவிட்டாள். அவள் தாத்தா ஆடு மேய்த்தவர்.

சரி, பதிவு செய்யும் முறை. படத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். எந்தச் சுவர், எந்தப் பக்கம், அடிப்பீடத்தில் குமுதமா பட்டிகையா ஜகதியா (நடு வரிசையா, மேல் வரிசையா, கீழ் வரிசையா), எத்தனையாவது வரியில் தொடங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கட்டும். இல்லாவிட்டால் சேர்க்கும்போது நடுவில் நான்கு எழுத்து காணாமல் போகும். மைப்படி எடுப்பது தனிக் கலை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக்குள் பதிய வைத்து, அரை ஈரம் காய்ந்ததும் மை ஒற்றுவார்கள். பயிற்சியும் துறையின் அனுமதியும் இல்லாமல் அதில் இறங்கவேண்டாம்.

உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ஊர்ப் பெயரைச் சொன்னால் நாங்கள் தேடிப் பார்க்கிறோம். நூறு வருடத்துக்கு முன் படித்த கல் இன்று இடத்தில் இல்லை என்று தெரியவந்தால் அதுவும் ஒரு முக்கியமான செய்திதான்.

வயலில் உழும்போது, அடித்தளம் தோண்டும்போது சிலை கிடைத்தால்?

தோண்டுவதை நிறுத்துங்கள், கழுவாதீர்கள், பூப்போட்டுப் பூசையும் தொடங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். சட்டம் பழசானாலும் இன்றும் அதுதான் நடைமுறை. மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சேரவேண்டிய பங்கும் போய்விடும்.

கழுவவேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குடவாசல் பக்கம் பத்தூரில் 1976இல் குடிசை போடத் தோண்டிய ஒருவருக்கு நடராசர் கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்த வழக்கில், அதே இடத்தில் பின்னால் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒட்டியிருந்த மண்கூட ஆய்வுக்குப் போனது. இடிந்து கிடந்த அந்தச் சிற்றூர்க் கோயிலே ஒரு வாதியாக நின்றது. கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988இல் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டிலும் வெற்றி, அந்த வருடமே நடராசர் திரும்பி வந்தார்.

எங்கள் கோயிலில் மூன்று செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்?

படம் எடுங்கள். ஆடையும் மாலையும் களைந்து, குருக்கள் முன்னிலையில், முன், பின், இரு பக்கம், பீடம் என எல்லாக் கோணத்திலும். உயரமும் எழுதி வையுங்கள். பழுது, ஒட்டு, உடைந்த விரல் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்கள். அடையாளம் காட்டுவது அந்தக் குறைதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அது நம்முடையதுதான் என்று நிலைநாட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னொரு காலத்தில் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அன்று கேமராவோடு வந்தவர் எதிர்காலத் திருட்டை நினைத்து எடுத்திருக்கமாட்டார். ஆனாலும் அந்தப் படம் சாட்சி சொன்னது.

படத்தை வெளியே போடவேண்டாம். மூன்று பிரதி போதும்: கோயிலில் ஒன்று, துறையில் ஒன்று, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று.

பழுது பார்க்க என்று சிலையை வெளியே அனுப்புவதென்றால் முறைப்படி எழுத்தில் இருக்கவேண்டும், போகும்போதும் வரும்போதும் எடை பார்க்கவேண்டும். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராசர் 1950களில் பழுதுக்குப் போனார், திரும்பி வந்தது போலி. உண்மையானவர் அமெரிக்காவிலிருந்து இந்தியா வர 1986 ஆயிற்று.

பூட்டு பலமில்லாத சிறு கோயிலென்றால் அறநிலையத் துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பலாம். திருவாரூரில் ஒன்று இருக்கிறது. சாமியை ஊரைவிட்டு அனுப்புவதா என்று வரும் வருத்தம் எங்களுக்கும் உண்டு. திருவிழாவுக்கு அழைத்து வரும் வழக்கத்தை விடாதீர்கள்.

தாத்தா கட்டிய வீடு. இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

தனியார் வீட்டை இடிக்காதே என்று சொல்ல எங்கள் ஊரில் சட்டமும் இல்லை, எங்களுக்கு உரிமையும் இல்லை. குடியிருக்கிறவர் கஷ்டம் குடியிருக்கிறவருக்குத்தான் தெரியும். ஆனால் 'சுவர் எல்லாம் உப்புப் பூத்துவிட்டது, இனி தாங்காது' என்று யார் சொன்னாலும், முடிவெடுக்கும் முன் எங்கள் கொத்தனாரை ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ற ஐப்பசியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். பத்து வருடம் முன்புதான் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். கொத்தனார் சாவிக்கொத்தால் தட்டினார், தொப் தொப் என்று சத்தம். சாவியை நுழைத்து நெம்பியதும் ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல் பொடிப் பொடியாக இருந்தது. பக்கத்துச் சுவரில் பூச்சை மாற்றவில்லை. தொண்ணூறு வருடச் சுண்ணாம்பு, சாவி நுழையவே இல்லை.

காரணம் இதுதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நம் ஆற்றுப் பாசன மண்ணில் ஈரம் சுவர் வழியாக ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் உயரமாக ஏறும், கூடவே வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை உடைக்கும். சிமென்ட் கெட்ட பொருள் இல்லை, இந்தச் சுவருக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். அந்த வீட்டில் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசினோம். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, ஆற்றுமணல், கடுக்காய் உடைத்து ஊறவைத்த தண்ணீர், வெல்லம். மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கூலி அதிகம் ஆகும், நாளும் அதிகம் பிடிக்கும். ஒரு பூச்சு இறுகுமுன் அடுத்ததைப் பூசினால் வெடித்துவிடும். கொத்தனார் ஐந்து நாளுக்கு ஒரு முறை சைக்கிளில் வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

இடிப்பதென்றே முடிவானால், எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள். அளந்து, வரைந்து, படம் எடுத்துக்கொள்கிறோம். தூணையும் கதவையும் வியாபாரிக்கு விற்பது உங்கள் விருப்பம். பரணில் இருக்கும் சுவடியையும் கணக்கு நோட்டையும் மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பரணில் சுவடிக் கட்டு கிடைத்தது. என்ன செய்வது?

கட்டைப் பிரிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடி கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மருத்துவம், சோதிடம், நிலக்கணக்கு எதுவாக இருந்தாலும் மதிப்புள்ளதுதான்.

குளமும் படித்துறையும்கூட உங்கள் கணக்கில் சேருமா?

நிச்சயமாக. திருவாரூரைப் பற்றிச் சொல்லும்போது கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). மூன்றையும் சமமாக வைத்த கணக்கு அது. குளத்தைத் தூர்வாரிச் சுற்றிலும் கம்பி வேலியும் நடைபாதையும் போடுவதோடு வேலை முடிவதில்லை. ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எந்தத் தெருவுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று தேடவேண்டும். எங்கள் ஊர்க் குளத்துக்கு அதை ஒரு தொண்ணூறு வயதுப் பாட்டி கைகாட்டிச் சொன்னார்; அவர் சிறுமியாக இருந்தபோது அந்த வாய்க்காலில் மீன் பிடித்திருக்கிறார். வருவாய்த் துறை வரைபடத்திலும் அது இருந்தது. இன்று அதன்மேல் ஏழு கடைகள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி கோவிந்த தீட்சிதர் எடுப்பித்த 16 மண்டபங்கள் இருக்கின்றன. அடுத்த மகாமகம் 2028இல். கூட்டத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கும்போதே அந்த மண்டபங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டுவைக்கவேண்டும். அவசரம் வந்த பிறகு கேட்டால் யாருக்கும் காது இருக்காது.

கோயில்களுக்கு மட்டும்தானா?

இல்லை. நாகூர் தர்காவின் பெரிய மினாரை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தரங்கம்பாடியில் இரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620இல் டேனியர் கோட்டை எழுந்தது. பக்கத்திலேயே பாண்டியர் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தின்றது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் யாத்திரை வந்தவர்களுக்குச் சோறு போட்டது. எல்லாமே நம்முடையவைதான்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று நாகப்பட்டினம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். நாகையில் நின்றிருந்த பழைய பௌத்தக் கோபுரம் ஒன்றை 1867இல் இடித்துவிட்டார்கள். அதற்குச் சில காலம் முன் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி அதைப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். இன்று அந்தக் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த வரைபடம் இருக்கிறது. அவர் வரையாமல் போயிருந்தால்?

நீங்கள் தோற்றுப்போனது உண்டா?

உண்டு, பல முறை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்துக் கிராமக் கோயிலில் திருப்பணி என்று கேள்விப்பட்டோம். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அறுவடை நேரம், எல்லாருக்கும் வேலை. பத்து நாள் கழித்துப் போனபோது பிராகாரத் தளத்தை முக்கால் அடி உயர்த்தி கிரானைட் போட்டு முடித்துவிட்டார்கள். ஜகதியில் இருந்த ஐந்து வரிக் கல்வெட்டு உள்ளே போய்விட்டது. வேலை செய்தவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை, அவர்கள் பக்தியோடுதான் செய்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டுக்கு இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். எங்கள் குழுப் பெண் ஒருத்தி முந்தைய சிவராத்திரிக்குத் தன் தோழியை அங்கே உட்கார வைத்து எடுத்தது. தோழியின் தோளுக்குப் பின்னால் இரண்டரை வரி தெரிகிறது. "...கோப்பரகேசரி" (சோழ மன்னரின் பட்டம்) என்று ஓர் இடம், "...வேலி நிலம்" என்று ஓர் இடம். நடுவில் தோள்.

அன்றிலிருந்து அடுத்த வாரம் என்று நான் சொல்வதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

எங்கள் கையிலிருந்து. அளவுநாடா, டார்ச், பெட்ரோல், அச்சுச் செலவு, இவ்வளவுதான். திருப்பணிக்கு நாங்கள் நிதி திரட்டுவதில்லை. பணம் கையில் வந்தால் பதிவு வேலை பின்னால் போய்விடும் என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

நானும் சேரலாமா? எனக்குக் கல்வெட்டுப் படிக்கத் தெரியாதே.

எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கவும், நோட்டில் எழுதவும், பாட்டிகளிடம் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையிலிருந்து கிளம்புகிறோம். ஏழு மணி வெயில் சுவரில் சாயும்போது அங்கே இருக்கவேண்டும். சார்ஜ் போட்ட டார்ச் ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு (ஒன்று உங்களுக்கு, ஒன்று கல்லுக்கு), தேங்காய்நார்ப் பிரஷ் கொண்டு வாருங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம்.